ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்சைப் போடாதே

அத்தையின் வலது மணிக்கட்டு எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். கம்பி சுற்றிச் சுற்றி வந்த வீக்கம். யாராவது விசாரித்தால், "வளையல் போடலைன்னு ஒருத்தரும் குறை சொல்லக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளரவிட மாட்டாள்.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் உட்காரும் டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் சுற்றுவது அவள் தொழில். வால்வு என்றால், பழைய ரேடியோக்களின் முதுகுப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழல். அதன் வழியாகக் கேட்டால்தான் பாட்டு பாட்டாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மாமா ஆம்ப்ளிஃபயர் கட்டுவார். அதற்கு வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரை அத்தை சுற்றிக் கொடுப்பாள். வீட்டின் முன்னறை மாமாவுக்கு, பின்னறை அத்தைக்கு, நடுவில் சமையலறை. நான் அவர்கள் வீட்டு மாடியில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், மாலையில் இந்த மூன்று அறைகளையும் தாண்டித்தான் படியேற வேண்டும்.

பின்னறையில் கைப்பிடி வைத்த சுற்றும் மிஷின் ஒன்று மேசையோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தது. சுவரோரம் செம்புக் கம்பி உருளைகள், தலைமுடியைவிட மெல்லியதிலிருந்து தீக்குச்சித் தடிமன் வரை. அளவாக வெட்டிய காகிதக் கட்டுகள். பிஸ்கட் டப்பாக்களில் இரும்புத் தகடுகள். அறை முழுக்க வார்னிஷ் வாசனை. அத்தை கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டு வைத்துப் பிடித்திருப்பாள். இழுவை கொஞ்சம் கூடினால் கம்பி அறுந்துவிடும், குறைந்தால் சுற்று தொளதொளக்கும். அதனால் சுற்றும்போது பேச மாட்டாள். ரேடியோகூட அங்கே கிடையாது. பாட்டுக்காக உழைக்கிற அறையில் பாட்டுக்கு மட்டும் அனுமதி இல்லை.

அவர்கள் கல்யாணமே ஒரு டிரான்ஸ்ஃபார்மரால் வந்ததுதான். இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அத்தை சுற்றும் பிரிவு, மாமா சோதனைப் பிரிவு. கையில் மீட்டர் இல்லாமல் மாமாவை யாரும் பார்த்ததில்லை என்பதால் அங்கே அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர். அத்தை சுற்றிய ஒன்றை அவர் கழித்துப்போட்டார். அத்தை நேராகச் சோதனை மேசைக்குப் போய், எங்கே பழுது என்று கேட்டாள். தெரியவில்லை, ஆனால் முள் சரியாக நிற்கவில்லை என்றார் மாமா. அத்தை அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அத்தனை சுற்றையும் பிரித்து, கம்பியின் மேல்பூச்சான எனாமல் உரிந்திருந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அவரிடம் நீட்டினாள். "உங்க முள்ளு சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தொழிற்சாலை மூடியபோது இருவரும் கணவன் மனைவியாக வெளியே வந்தார்கள். அந்த மிஷினையும் கூடவே எடுத்து வந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்சைப் போடாதே.

வால்வின் மின்சாரத்துக்கு அழுத்தம் அதிகம், ஓட்டம் குறைவு. ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர்மாறு. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. நடுவில் நின்று மாற்றிச் சொல்வது டிரான்ஸ்ஃபார்மர். அப்படிச் சொல்லும்போது கேட்க ஆள் இல்லாவிட்டால், அதாவது ஸ்பீக்கரே மாட்டாமல் ஓட்டினால், போக வழியில்லாத அழுத்தம் சுற்றுக்குள்ளேயே எகிறி எனாமலைத் துளைத்துவிடும். தொழில் தொடங்கிய புதிதில் மாமா அவசரத்தில் அப்படி ஒன்றை எரித்தார். அத்தை எரிந்ததை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை முன்னறையில் அவர் கண்ணுக்கு எதிரே ஆணியில் மாட்டினாள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. சாப்பிடும் முன் கை கழுவச் சொல்வது போல அந்த விதியை இருவரும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் கம்பியை முடுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, பிறகுதான் சுவிட்ச். இருட்டிலும் அவர்கள் கைகள் அதே வரிசையில் போகும்.

மாமாவுக்கு ஒரு நாள் நடுவில் நிற்கும் அந்த ஆளே வேண்டாம் என்று தோன்றியது.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயர் புது விஷயம் இல்லை. பருத்த வால்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சேர்ந்து இழுக்க வைத்தால், ஸ்பீக்கருக்கு வேண்டிய ஓட்டம் நேராகவே கிடைத்துவிடும். இரும்பும் செம்பும் பாட்டின் உச்சியிலும் அடியிலும் கத்தரிக்கிற கொஞ்சத்தைக் கத்தரிக்காது. மாமா பல மாதம் அதில் மூழ்கிக் கிடந்தார். கட்டி முடித்து மேசையில் வைத்தபோது அது ஆம்ப்ளிஃபயர் மாதிரி இல்லை, வரிசையாகத் திரி ஏற்றிய அடுப்பு மாதிரி இருந்தது.

"நடுவுல தரகர் எதுக்கு? ரெண்டு பேரும் நேரா பேசிக்கட்டும்" என்றார்.

"தரகர் இல்லாமத்தான் நம்ம கல்யாணம் நடந்துச்சு. அந்த லட்சணத்தைத்தான் பார்த்துட்டு இருக்கேனே" என்றாள் அத்தை.

சிரித்தோம். ஆனால் சிரிப்பில் முடிகிற விஷயமாக அது இல்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும் என்று பல் டாக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது மாமா மனதில் இருந்ததை அவரிடம் சொன்னார். அத்தை அதைச் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"உங்களுக்கு இது பிடிச்சா இனிமே இதை மட்டும்தான் கட்டப்போறேன், டாக்டர். அவ கையும் தேறணும்ல. எத்தனை நாளைக்குச் சுத்துவா? பின்னறையை எடுத்து வால்வு அடுக்கலாம்னு இருக்கேன். அவ நிம்மதியா உக்காந்து பாட்டு கேக்கட்டும்."

மறுநாள் இரும்பு அலமாரி ஒன்று வந்து இறங்கியது. பின்னறை இன்னும் காலியாகாததால் நடைவழியில் நின்றது. எல்லோரும் அதை ஒட்டி உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடந்தோம்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அத்தை, அன்று சாப்பாட்டின்போது.

"எதைக் கேக்கறது? கை வலிக்குதுன்னு நீதானே சொல்லுவே."

"வலிக்குதுன்னு சொன்னேன். வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

மாமா தண்ணீர் குடித்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது அத்தைக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போனது.

டாக்டரிடம் அவருடைய அப்பாவின் ஸ்பீக்கர்கள் இருந்தன. அகலமான காகிதக் கூம்பு வைத்த பழைய ஜோடி, மின்தடைக் கணக்கில் பதினாறு ஓம். இப்போது வருபவை நாலு, எட்டு ஓம்தான். ஓம் குறையக் குறைய ஓட்டம் அதிகம் கேட்கும், மாமாவின் புதுப்பெட்டிக்கு அது கட்டாது. பதினாறு என்றால் சமாளித்துவிடும். அதனால் அவர் வீட்டில், அந்த ஸ்பீக்கரில் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுவிட்டு டாக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. கிளம்பும் முன் மாமா அத்தையிடம், "இதுக்கு வரிசை வேற, ஞாபகம் வெச்சுக்கோ. முதல்ல சுவிட்ச். வால்வு எல்லாம் சூடேறி நிதானத்துக்கு வரணும். மீட்டர்ல முள்ளு பூஜ்யத்துல நிக்குதான்னு பார்க்கணும். அப்புறம்தான் ஸ்பீக்கர். நடுவுல தடுக்க எதுவும் இல்ல, முள்ளு தப்பா நின்னா அவ்வளவும் நேரா ஸ்பீக்கருக்குள்ள போயிரும்" என்றார்.

"ஒரு ரிலே வெச்சா தானா பார்த்துக்குமே?" என்றாள் அத்தை. நேரம் பார்த்து ஸ்பீக்கரைத் தானே இணைத்துவிடும் சின்ன சுவிட்ச் அது.

"நடுவுல எதுவும் கூடாதுன்னுதானே இத்தனை பாடு."

"சரி" என்றாள். அவள் அப்போது ஒரு கம்பி முனையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வீட்டு முன்னறை பெரியது. சுவர் முழுக்கப் புத்தகம், தரையில் தடித்த விரிப்பு. டாக்டரின் மனைவி தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி. அதைத் தூக்க மாமாவுக்கு நானும் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் தனியாகப் பாட, பின்னால் ஒரு தந்திக் கருவி மட்டும் வாசிக்கும் இசைத்தட்டு. குரல் தணிந்து, நிறைந்து வந்தது. பிறகு மேளம் நிறைய வரும் ஒன்றைப் போட்டார்கள். அதிலும் பெட்டி அசரவில்லை.

"அக்கா சுத்தினதா இது?" என்றார் டாக்டர்.

"ஆமா" என்றாள் அத்தை.

பிறகு புதுப்பெட்டி. மாமா சுவிட்சைப் போட்டு, காத்திருந்து, மீட்டரைப் பார்த்து, ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பி, பிறகு ஸ்பீக்கரை மாட்டினார். அதே பெண் பாடினாள். வரி தொடங்கும் முன் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. தந்தியில் விரல் நகர்வது கேட்டது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாமா அத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தை ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று டாக்டரின் மனைவி அத்தையிடம் கேட்டார்.

"மூச்சு கேக்குது. என்னோடதுல அது வரல" என்றாள் அத்தை.

மாமாவே இதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது.

மேளம் வரும் தட்டில் மட்டும் புதுப்பெட்டி திணறியது. "சத்தம் ஏறினா மேல்மூச்சு வாங்குது. மாடிப்படி ஏறின என்னை மாதிரி" என்றார் டாக்டரின் மனைவி. "அப்புறம் இந்தச் சூடு. குளிர்காலத்துல வேற ஹீட்டர் வாங்க வேண்டாம் போல."

டாக்டரால் முடிவெடுக்க முடியவில்லை. பழையதை இன்னொருமுறை கேட்டார். அதற்குள் மாமாவுக்கு ஓர் அழைப்பு வர, அவர் போனோடு பால்கனிக்குப் போனார். பாட்டு முடிந்தது. "புதுசைக் கடைசியா ஒருதடவை கேட்டுரலாமாக்கா?" என்றார் டாக்டர்.

அத்தை எழுந்தாள். பழைய பெட்டியை அணைத்துவிட்டு அதிலிருந்து ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றினாள். புதுப்பெட்டியில் மாட்டினாள், முடுக்கினாள், ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

ஆறிப்போயிருந்த வால்வுகள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சூடேறத் தொடங்கின. இடது ஸ்பீக்கரின் கூம்பு மெதுவாக முன்னால் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. சத்தம் இல்லை. எங்களுக்கு எதுவும் புரியவில்லை. அத்தைதான் முதலில் மோந்தாள். எனாமல் கருகும் வாசனை அவளுக்குத் தெரியாததா? சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குள் கூம்பு நடுவிலிருந்து மெல்லிய புகை ஒன்று கிளம்பியிருந்தது.

மாமா உள்ளே வந்தபோது அத்தை பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் மாட்டினேன். ஸ்பீக்கரை முதல்ல மாட்டிட்டேன்" என்றாள்.

டாக்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "இது பல்லு மாதிரிதான். ஒண்ணு போச்சுன்னா எதிர்ல இருக்கிறதுக்கும் வேலை இல்ல" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி ஏதாவது சொல்லி நிலைமையை இலகுவாக்கப் பார்த்தார். "எப்படியோ, உங்க பெட்டி தப்பிச்சிருச்சு, இல்லக்கா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு அந்த அறையில் அதை நினைக்காதவர்கள் யாரும் இல்லை.

எரிந்த ஸ்பீக்கரையும் இரண்டு பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மாமா வண்டியை ஓட்டினார். வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்தியதும், முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"தெரிஞ்சேவா?"

அத்தை கதவைத் திறந்து இறங்கினாள். ஸ்பீக்கரைத் தான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு, நடைவழி அலமாரியில் இடித்துக்கொண்டு, பின்னறைக்குப் போனாள்.

மறுநாள் மாமா, வேறு ஊரில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை ஒன்று இருப்பதாகவும் அங்கே அனுப்பலாம் என்றும் என்னைப் பார்த்துச் சொன்னார். சமையலறையில் இருந்த அத்தைக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்க.

"எரிச்சது நான். நானே சுத்துறேன்னு மாமாகிட்ட சொல்லு" என்றாள் அவள்.

நடுவில் நான் தரகரானேன்.

ஸ்பீக்கர் கூம்பின் கழுத்தில் ஒரு சிறு காகிதக் குழாய் இருக்கும். அதன் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றி, ஒரு காந்தத்தின் இடுக்குக்குள் இறக்கியிருப்பார்கள். பாட்டு அந்தக் கம்பியில் வந்தால்தான் கூம்பு அசையும். அத்தை கூம்பின் ஓரத்துப் பசையை ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, கத்தி நுனியால் நெம்பி எடுத்தாள். கருகிய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணினாள். குழாய்க்குள் சரியாகப் பொருந்தும்படி ஒரு மரக்கட்டையைச் சீவிக்கொண்டாள். மிஷின் அதற்கு ஆகாது, கையால்தான் சுற்ற வேண்டும். மணிக்கட்டில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல்முறை சுற்றியது பார்வைக்கு நன்றாகவே இருந்தது, ஆனால் காந்தத்துக்குள் இறக்கியபோது ஓர் ஓரம் உரசியது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினாள். மாமா இரண்டொருமுறை வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனார். ஒருமுறை வெந்நீரும் துண்டும் கொண்டு வந்து மேசை ஓரத்தில் வைத்தார். அத்தை துண்டை நனைத்து மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வார்னிஷ் காய்ந்து, கூம்பை ஒட்டி முடித்த நாளன்று ஸ்பீக்கரை முன்னறைக்குக் கொண்டு வந்தார்கள். மாமா முதலில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பதினாறு ஓம் ஸ்பீக்கருக்கு எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டியது. கூம்பை இரண்டு கையாலும் மெல்ல அழுத்திப் பார்த்தார். உரசவில்லை.

"பிரமாதமா இருக்கு" என்றார், ஸ்பீக்கரிடம் சொல்வது போல.

புதுப்பெட்டி மேசையில் ஆறிக் கிடந்தது. மாமா உற்சாகத்தில் இருந்தார். இசைத்தட்டை எடுத்து வைத்தார். ஸ்பீக்கர் கம்பியை மாட்டினார், முடுக்கினார், ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கை சுவிட்சுக்குப் போயிற்று.

அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அறுத்த பாதியைப் பார்த்தார்.

"தெரிஞ்சேவா?" என்றாள் அத்தை.

நான் மாடிக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"கேட்டாச்சு. விடுங்க." அத்தை கம்பியைக் கழற்றினாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நம்ம ரெண்டு பேர் கையையும் நம்ப முடியாது. இதே வரிசையில போய்ப் பழகிருச்சு. நமக்கே இப்படின்னா அந்த டாக்டர் என்ன பண்ணுவார்? ஒருநாள் வேலை முடிச்சு அலுப்புல வந்து சுவிட்சைப் போடுவார், இதே வாசனை வரும். நடுவுல ஒண்ணு வேணும்."

"ரிலேதானே? வெச்சுத் தொலைக்கிறேன்."

"ரிலே வெச்சா வாசனை வராது. ஆனா மேளம் வந்தா மூச்சு வாங்குமே, அதுக்கு? நான் ஒண்ணு சுத்தித் தரேன்."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்புறம் அதுக்குப் பேரு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆம்ப்ளிஃபயரா?" என்றார்.

"உள்ள இல்லையே. உங்க பெட்டியை நான் தொடவே இல்ல. வெளியில நிக்கும்."

அவள் சொன்னது ஒரே கம்பியில் சுற்றிய சின்ன சுருள். மொத்தச் சுற்றின் இரு முனைகளும் ஆம்ப்ளிஃபயருக்கு, பாதியில் ஒரு கிளை எடுத்து ஸ்பீக்கருக்கு. அப்படி எடுத்தால் பதினாறு ஓம் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் கண்ணுக்கு அறுபத்து நாலு ஓமாகத் தெரியும். வால்வுகள் இழுக்க வேண்டிய பாரம் குறையும், மேளத்துக்குத் திணறாது. ஸ்பீக்கரை முதலில் மாட்டிவிட்டு யாராவது சுவிட்சைப் போட்டாலும், ஒரே திசையில் ஓடும் அந்தப் பொல்லாத மின்சாரம் ஸ்பீக்கரின் மெல்லிய கம்பிக்குள் நுழையாது. பக்கத்திலேயே தடித்த கம்பியில் அகலமான வழி இருக்கும்போது அது ஏன் சந்துக்குள் புகப் போகிறது? அந்த வழியாகவே ஓடி, வழியில் இருக்கும் ஃபியூஸைப் போக்கிவிட்டு நின்றுவிடும்.

மாமா மீட்டரை மேசையில் வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து யோசிப்பது அபூர்வம். "மூச்சு போயிரும்" என்றார் கடைசியில்.

"கொஞ்சம் போகும். எவ்வளவுன்னு சுத்திப் பார்த்தாத்தானே தெரியும்."

பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும், அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைக்க வேண்டும். இதற்குத் தடித்த கம்பி, சுற்றுகள் குறைவு. தடித்த கம்பியை வளைக்கத் தோளில் வலு வேண்டும், மணிக்கட்டுக்கு அவ்வளவு வேலை இல்லை. அத்தை அதை மாமாவிடம் சொல்லவில்லை. மாமா வாசலில் நின்று பார்த்துத் தானே தெரிந்துகொண்டார். ஜோடி தயாரானதும், ஒரு ஓட்டை ஸ்பீக்கரை மாட்டி, வேண்டுமென்றே தப்பு வரிசையில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். கூம்பு ஒருமுறை துடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. ஃபியூஸ் போயிற்று. அவ்வளவுதான். மாமா புது ஃபியூஸ் போட்டு இன்னொருமுறை செய்து பார்த்தார். அவருக்கு எதையும் ஒருமுறை பார்த்தால் போதாது.

டாக்டர் வீட்டுக்கு மறுபடி போனபோது யாரும் தேநீரைத் தொடவில்லை. முதலில் சுருள் இல்லாமல், பிறகு சுருளோடு. மேளம் இப்போது நின்று அடித்தது. அந்தப் பெண் மறுபடி பாடினாள்.

"எப்படிக்கா?" என்று டாக்டரின் மனைவி இந்த முறையும் அத்தையிடம்தான் கேட்டார்.

"மூச்சு இருக்கு. ஆனா முன்னே மாதிரி காது பக்கத்துல இல்ல, ஒரு அடி தள்ளிப் போயிருச்சு" என்றாள் அத்தை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் டாக்டர்.

"எனக்கும் தள்ளித்தான் கேக்குது" என்றார் மாமா, ஒளிக்காமல்.

டாக்டர் இடது ஸ்பீக்கரின் கூம்பை விரலால் தடவினார். அப்பாவின் ஸ்பீக்கர் மறுபடி பாடுவதில் அவருக்கு இருந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "ஒரு அடி தள்ளியே இருக்கட்டும். எரியாம இருந்தாப் போதும். ரெண்டையும் சேர்த்தே எடுத்துக்கறேன்" என்றார். அவர் மனைவி சுருள் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டி, "டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததுன்னீங்க, அப்போ இது யாரு?" என்று மாமாவைக் கேட்டார்.

"அது தரகர்" என்றார் மாமா. அத்தை தேநீரை எடுத்துக் குடித்தாள்.

அதன் பிறகு இன்னும் சிலர் அந்த ஜோடியைக் கேட்டு வந்தார்கள். எட்டு ஓம் வைத்திருந்தவர்களுக்கும் அத்தை வேறு இடத்தில் கிளை எடுத்துச் சுருள் சுற்றிக் கொடுத்தாள். பழைய முறைப் பெட்டியே வேண்டும் என்றவர்களுக்கு மாமா அதையும் கட்டினார். இனி கட்டமாட்டேன் என்று சொன்னதை அவருக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை.

ஒரு மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது நடைவழி அகலமாகியிருந்தது. அலமாரியைக் காணவில்லை. பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். அது சுவரோரம் நின்றிருந்தது. மாமா தடித்த கம்பி உருளைகளை அதன் அடித்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் நல்ல கனம். அத்தை மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி, எது எங்கே என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஜோடி வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுமா?" என்று மாமா குனிந்தபடியே கேட்டார். "அவரு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு."

"கை வலிக்குதுங்க. எப்ப முடியுதோ அப்பத்தான்" என்றாள் அத்தை.

மாமா சரி என்று சொல்லிவிட்டு அடுத்த உருளையைத் தூக்கினார்.